மண்ணை மிதிக்க எத்தனை நிமிடம்? கோலாலம்பூரில் ஐந்து நாள்

முதல் நாள், 13 ஜூன் 2023, செவ்வாய்

கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் காலை ரயில் ஏறும்போது என் கையில் ஒரு மைலோ டின். அதில் முழ உயரத்துக்கு ஒரு கருவேப்பிலைக் கன்று. அக்கா கேட்டிருந்தாள். "இங்க ஒரு கொத்து ஒன்றரை வெள்ளிக்கு விக்கிறான் தம்பி, வாசமே இல்ல. நம்ம வீட்டுக் கன்னு ஒண்ணு கொண்டா." வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட். ஈடிஎஸ் எனும் மின்சார ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

நான் முப்பது வருடம் நில அளவையாளர் ஒருவரின் ஆபீசில் பிளான் வரைந்தவன். முதலில் மைப்பேனாவில், பிறகு கம்ப்யூட்டரில். ரப்பர் மரம் நின்ற இடத்தில் லாட் நம்பர் எழுதிய கை இது. தோட்டத்தில் பிறந்தவன் தோட்டத்தைத் துண்டு போட்டுச் சம்பளம் வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கோயிலையும் கடையையும் விட, வீடு எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் கண் போகும். ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை.

கேஎல் சென்ட்ரலில் இறங்கியாயிற்று. முன்பு இது ரயில்வேயின் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு. 72 ஏக்கர். 2001-ல் நிலையம் திறந்தார்கள். சுற்றி ஆபீஸ், ஹோட்டல், காண்டோ எனும் அடுக்குமாடி வீடுகள் என்று எழுப்பிக்கொண்டே போனார்கள். கொமியூட்டர் புறநகர் ரயில், எல்ஆர்டி நகர ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மோனோரயிலுக்கும் எம்ஆர்டி மெட்ரோ ரயிலுக்கும் கொஞ்சம் நடக்க வேண்டும். ஜனங்களை அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரயில் நிற்கும் இடத்தில் அடுக்கு என்பது நகரத் திட்டக்காரர்களின் பாடம். இதில் எனக்கும் சண்டை இல்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போகலாம், பெட்ரோல் மிச்சம், புகை மிச்சம்.

ஆனால் நிலையத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவுக்குப் போக நான் வந்த வழி ஒரு பேரங்காடியின் வயிற்றுக்குள் போகிறது. மேலே ஏறு, செருப்புக் கடை, போன் கடை, கேக் கடை, மறுபடி கீழே இறங்கு. கைக்கடிகாரத்தில் பார்த்தேன், பிளாட்பாரத்திலிருந்து தெருவுக்கு 13 நிமிடம். வெயில் முகத்தில் அடித்தபோதுதான் ஊருக்கு வந்த உணர்வு. தெருவுக்கு வந்தும் காலடியில் டைல்ஸ். மண்ணைக் காணோம். அப்போதுதான் இந்தக் கிறுக்குத்தனம் தோன்றியது: போகிற இடமெல்லாம், மண்ணை மிதிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு போவோமே.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பேரே மண்ணில் வந்ததுதான். 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்பு ஓலைக் கூரைகளையும் வாரிக்கொண்டு போனபின், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். செங்கல் சூளைகள் இந்தப் பக்கம் வந்தன. பின்னாலேயே ரயில்வே, ரயில்வேயோடு தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும். பத்து வருடம் முன்பு நான் வந்தபோது ஜாலான் ரொசாரியோவில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய பழைய நூறு வீடுகள் வரிசையாக நின்றன. இன்று இல்லை. விவேகானந்தா ஆசிரமம் மட்டும் அப்படியே நிற்கிறது. 1904-ல் தொடங்கியது. 2014-ல் அந்த நிலத்தில் 23 மாடி எழுப்பும் பேச்சு வந்தபோது ஊரே கூடிக் கத்தியது. 2016-ல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன். உள்ளே ஓரத்தில் கொஞ்சம் புல் இருந்தது. கணக்கில் சேர்த்துக்கொண்டேன்: ரயிலிலிருந்து 31 நிமிடம், தே தாரிக் எனும் ஆற்றிய தேநீர் குடித்த நேரத்தைக் கழித்து.

இரண்டாம் நாள், 14 ஜூன், புதன்

அக்கா இருப்பது பிபிஆர் அடுக்குமாடி. ஏழைகளுக்கு அரசு கட்டிய மக்கள் வீடு. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் அக்கா என்னை விடமாட்டாள். 17 மாடி, ஒரு தளத்துக்கு 20 வீடு, அவள் வீடு பதினொன்றாவது மாடி. மூன்று அறை, 700 சதுர அடி, வாடகை மாதம் 124 வெள்ளி. இந்த ஊரில் 124 வெள்ளிக்கு வீடு என்று மூக்கில் விரல் வைக்காதீர்கள், மீதியை மூச்சு வாங்கிக் கட்டுகிறார்கள்.

மூன்று லிஃப்டில் ஒன்றுதான் ஓடுகிறது. காலை 7.10-க்குக் கதவைப் பூட்டினேன். 7.19-க்கு லிஃப்ட் வந்தது. பள்ளிப் பிள்ளைகள், பைகள், ஒரு மாவு மில் மூட்டை. இடமில்லை. 7.25-க்கு அடுத்தது. தரைத்தளத்தில் சிமெண்ட், மோட்டார் சைக்கிள் வரிசை, கார் வரிசை, மறுபடி சிமெண்ட், மூடாத சாக்கடை, அதைத் தாண்டி மின்சாரக் கொட்டகையின் வேலியோரம் ஒரு பாய் அளவுக்குப் புல். 7.31. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

21 நிமிடம்.

எங்கள் தோட்டத்தில் மொத்தமே நூற்றுச் சொச்சம் குடும்பம். லயத்து வரிசை வீட்டுப் படியில் இருந்து காலை நீட்டினால் மண். இந்த ஒரு பிளாக்கில் மூன்று தோட்டத்து ஜனம் இருக்கிறது. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இல்லை, பந்து விளையாடிய திடல் இல்லை. நடைபாதையில் அக்கா கோலம் போடுகிறாள். எதிர் வீட்டு மலாய்க்காரப் பிள்ளை சைக்கிளை எடுக்கும்போது அதன் மேல் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், வேறு வழி இல்லை. அவன் ஒவ்வொரு நாளும் "சோரி மாக்சிக்", மன்னிச்சுக்குங்க அத்தை, என்கிறான். இவளும் ஒவ்வொரு நாளும் "தாக் அபா லா", பரவாயில்லை, என்கிறாள். துளசி, இரும்புக் கிரில்லில் கம்பி கட்டித் தொங்கும் பெயிண்ட் டின்னில். மாலையில் எதிர் பிளாக்கின் இடுக்கு வழியாக முக்கால் மணி நேரம் வெயில் வரும், அதைக் குடித்து அது வளர்கிறது.

மேலே அண்ணாந்து பார்க்காமல் பிளாக்கின் ஓரத்தில் நடக்கக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம். 2018 ஜனவரியில் பந்தாய் பக்கம் ஒரு பிபிஆரில் மாடியிலிருந்து வந்து விழுந்த நாற்காலி பதினைந்து வயதுத் தமிழ்ப் பையனைக் கொன்றது. உடைந்த சாமானை இறக்க லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் ஜன்னலைத் திறக்கிறான். குற்றம் அவனுடையது, சந்தேகமே இல்லை. ஆனாலும் முந்நூறு வீட்டுக்கு ஒரு லிஃப்ட் ஓடுகிற இடத்தில் நிற்கும்போது அந்த நாற்காலியின் கதை வேறு மாதிரி கேட்கிறது.

போன மாதம் பதிமூன்றாம் மாடித் தாத்தா இறந்தபோது பெட்டி லிஃப்டில் படுக்கவில்லை என்றாள் அக்கா. நிறுத்தி வைக்கவும் மனசு வரவில்லை. ஆறு பேர் படிக்கட்டில் இறக்கினார்கள், திருப்பத்துக்குத் திருப்பம் தலைக்கு மேல் தூக்கி. சீனப் பையன்கள் இரண்டு பேர் தாமாக வந்து தோள் கொடுத்தார்களாம்.

"திரும்ப ஊருக்கே வந்துடேன்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? அங்க டாக்டரப் பாக்கணும்னா பஸ்ஸு உண்டா? இங்க கிளினிக்கு நடந்தா ஆறு நிமிஷம். பசார் கீழயே. எல்ஆர்டி பத்து நிமிஷம். நான் செத்தா தூக்கவும் ஆளு இருக்கு. லிஃப்ட மட்டும் சரி பண்ணச் சொல்லு."

அவள் மகன் கதை நேர்மாறு. ஐம்பது வெள்ளி மாதாந்திரப் பாஸில் ரயிலும் பஸ்ஸும் வேண்டிய மட்டும் ஏறலாம், ஆனால் அவன் வாங்க முடிந்த வீடு நகருக்கு வெளியே செமினியில். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம். இரட்டை மாடி வரிசை வீடு, முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் கொடி கட்ட இடம். ரயில் கிடையாது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்கு வேலைக்குப் போகிறான். வீட்டில் இரண்டு கார், இரண்டுக்கும் தவணை. ஆளுக்கு ஒரு துண்டு நிலம் என்று பரப்பிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை நான் பிளானில் வரைந்தேன், அவன் நெடுஞ்சாலையில் வாழ்கிறான். அக்கா வீடும் பிழை, மகன் வீடும் பிழை என்றால் சரி எது என்று ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பன்னிரண்டாம் மாடியில் யாரோ அம்மி மாதிரி எதையோ இழுத்தார்கள்.

மூன்றாம் நாள், 15 ஜூன், வியாழன்

இந்தப் பயணத்தில் நான் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்த இடம் ஒன்றே ஒன்று. புக்கிட் கியாரா.

காஜாங் தடத்து எம்ஆர்டியில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையத்தில் இறங்கி, வெயிலில் அரை மணி நடை. வழியில் ஒரு புதிய காண்டோ கோபுரத்தின் அடியில் நின்று எண்ணினேன். முதல் எட்டு மாடியும் கார்களுக்கு. ஒன்பதாவது மாடியில்தான் மனுஷர் தொடங்குகிறார்கள். சென்னையில் எஃப்எஸ்ஐ என்பார்களே, இங்கே அதுதான் பிளாட் ரேஷியோ. ஆயிரம் சதுர அடி நிலத்தில் நாலு என்று அனுமதி கிடைத்தால் நாலாயிரம் சதுர அடி எழுப்பலாம். கார் நிறுத்தும் மாடிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே தாளில் மெலிந்தும் தெருவில் கொழுத்தும் ஒரு கட்டடம். ரயிலுக்குப் பக்கத்தில் வீடு கட்டுவதே கார் வேண்டாம் என்பதற்குத்தான். அங்கே எட்டு மாடி காருக்குக் கொடுத்தால், பத்திய சாப்பாட்டுக் கடையில் பரோட்டா விற்ற மாதிரி. நானே இப்படி எத்தனையோ வரைந்திருக்கிறேன், அதனால் திட்டவும் உரிமை கொஞ்சம் உண்டு.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 1980-ல் அரசு எடுத்துக்கொண்டது. பால் வெட்டியவர்களை, வீடு வரும் வரை தற்காலிகம் என்று சொல்லி, ரூமா பாஞ்சாங் எனும் நீள வீடுகளில் குடியேற்றினார்கள். பழைய தோட்ட நிலத்தில் பின்னால் கோல்ஃப் திடலுக்கு இடம் கிடைத்தது, குதிரையேற்றத்துக்கும் இடம் கிடைத்தது. நீள வீடு இன்னும் நீள வீடாகவே இருக்கிறது.

அதை ஒட்டித்தான் தாமான் ரிம்பா கியாரா, சுமார் 25 ஏக்கர் பூங்கா. 2017-ல் இதில் ஏறக்குறைய பாதியில் 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கோபுரங்கள் கட்டவும், கூடவே நீள வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து 350 மலிவு வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்று கட்டவும் அனுமதி கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்று, கடைசியில் இந்த வருடம் ஏப்ரல் 18-ல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று முடித்து வைத்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய தீர்ப்பு. நகரின் கட்டமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று இருப்பதை மாநகர் மன்றம் காரணம் சொல்லாமல் மீறிப்போக முடியாது என்பது அதன் சாரம். பிளான் என்பது சுவரில் மாட்டும் படமில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னதும், முப்பது வருடம் பிளான் வரைந்தவனுக்கு உள்ளுக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இங்கே வந்து நின்றால் பட்டாசு நமத்துப்போகிறது.

மாரியம்மன் கோயிலைத் தாண்டி நீள வீட்டு வரிசைக்குப் போனேன். துத்தநாகக் கூரை, பலகைச் சுவர், ஒவ்வொருவரும் முன்னால் இழுத்துக் கட்டிய தாழ்வாரம். ஒரு வயதான அம்மா வாசலில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். கெடா என்றதும், "கெடாவில எந்தத் தீம்பாரு?" என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்கிறார். சொன்னேன். தெரியாது என்றார், ஆனாலும் தெரிந்த மாதிரி உட்காரச் சொன்னார். கோப்பி வந்தது.

"பார்க்கக் காப்பாத்திட்டாங்கன்னு டிவில பாத்தேன். நல்லதுதான். நானும் பேரனும் அங்கதான் நடப்போம். அந்த மரத்துல பாதி நாங்க பால் வெட்டுன மரம்தான்." கொஞ்ச நேரம் அரிசியைக் கிளறினார். "வீடுதான் திரும்பத் தள்ளிப்போச்சு. எம் புருசன் பாக்காமயே போய்ட்டாரு. எனக்கு பங்களா வேணாம் ஐயா. மழை பெஞ்சா சட்டி வைக்காத வீடு போதும்."

அடர்த்தியாகக் கட்டு என்பவரும் பசுமையைக் காப்பாற்று என்பவரும் மோதிய வழக்கு என்றுதான் பத்திரிகையில் படித்திருந்தேன். இங்கே உட்கார்ந்து பார்த்தால், ஏழையின் 350 வீட்டைக் காட்டித்தான் எட்டுக் கோபுரத்தை உள்ளே கொண்டுவந்தார்கள் என்று தோன்றுகிறது. முறத்தில் கல்லையும் அரிசியையும் சேர்த்து வைத்துத்தான் கொடுத்தார்கள், கல்லை வீசியபோது அரிசியும் போனது. நீள வீடு நிற்கிற இடமே நாலு ஏக்கர் போல இருக்கும், அதிலேயே அடக்கமாக ஒரு கட்டடம் எழுப்பி இவர்களைக் குடிவைத்தால் பூங்காவில் ஒரு மரம் சாயத் தேவையில்லை. வழக்குப் போட்டவர்கள் தரப்பிலும் இதைச் சொன்னவர்கள் உண்டு. நான் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன், இடம் தாராளமாக இருக்கிறது.

பூங்காவுக்குள் ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. பட்டையில் பழைய வெட்டுத் தழும்பு கறுத்து, மூடி, புடைத்துக் கிடக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். சாய்வு நம் பக்கத்து வெட்டு மாதிரியேதான். அம்மா வீட்டு வாசற்படியிலிருந்து மண்ணுக்கு நேரம் பார்க்க மறந்துவிட்டேன். படியே மண்ணில்தான் இருந்தது.

நான்காம் நாள், 16 ஜூன், வெள்ளி

கால் வலி. மஸ்ஜித் ஜாமெக் மட்டும்.

கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடும் முனை, இங்கேதான் ஊர் பிறந்தது. 1909-ல் கட்டிய பள்ளிவாசல். வெள்ளித் தொழுகைக்குக் கூட்டம். ஆற்றோரம் கழுவித் துடைத்து அழகாக வைத்திருக்கிறார்கள், இரவில் நீல விளக்கும் பனிமூட்டமும் விடுவார்களாம். அதற்குக் கோலாம் பீரு, நீலக் குளம் என்று பேர். மலாயில் கோலாம் என்பது நம்முடைய குளம்தான். சொல் கடல் தாண்டி வந்து பிழைத்துக்கொண்டது. ஊரின் குளங்களில் பல மண் மூடிப் போயின. முன்பு ஈயம் தோண்டிய பள்ளங்கள் மழைத் தண்ணீரை வாங்கி வைத்தன, அவற்றின் மேலும் கட்டடம் வந்தது. சிமெண்ட் குடிக்காது, அதனால் மழை முழுதும் நேராக ஆற்றுக்கு ஓடுகிறது, ஆறு தெருவுக்கு ஏறுகிறது. அதற்கு மருந்தாக 2007-ல் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தார்கள். 9.7 கிலோமீட்டர். சாதாரண நாளில் அதன் நடுப்பகுதியில் கார் ஓடும், பெருமழையில் காரை வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை விடுவார்கள். பொறியாளர்களைக் கும்பிடத் தோன்றும் வேலை. மண் சும்மா செய்துகொண்டிருந்த வேலையும்கூட.

மழை பிடித்துக்கொண்டது. ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைவீட்டு ஐந்தடி நடையில் ஒதுங்கினேன். கடைக்கு முன்னால் ஐந்தடி விட்டுத்தான் கட்ட வேண்டும், மேலே மாடி, கீழே யாரும் நடக்கலாம். அந்தக் காலத்து விதி. சேலைக் கடைக்காரர் ஒரு ஸ்டூல் தள்ளினார். முறுக்கு விற்கும் ஆள், தொழுகை முடிந்து வந்தவர்கள், இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள், நான், எல்லாரும் ஒரு கூரையடியில் முக்கால் மணி நேரம். தெரு முனையிலிருந்து முனைவரை நனையாமல் போகலாம். இதுவும் நெருக்கமான ஊர்தான், இரண்டு மாடியிலேயே. 2040-க்குள் கோலாலம்பூரில் 23 லட்சத்து 50 ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று திட்ட வரைவு சொல்கிறது. 2020 கணக்கெடுப்பில் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வரப்போகிறவர்களுக்கு மாடி எத்தனை என்று வரைவில் எழுதிவிடலாம். அந்த ஐந்தடியை யார் எழுதுவார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். முறுக்கு நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள், 17 ஜூன், சனி

கருவேப்பிலைப் பஞ்சாயத்து.

நான்கு நாளாக மைலோ டின் நடைபாதையில்தான் இருந்தது. நேற்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: நடைபாதையில் சாமான் வைக்கக் கூடாது, தீப் பிடித்தால் ஓட வழி வேண்டும். நியாயம்தான். உள்ளே வைத்தால் வெயில் இல்லை. கிரில்லில் தொங்கவிட்டால் துளசிக்கு இடம் போகும், அதோடு டின் கீழே விழுந்தால் யார் தலை என்று அக்காவே மறுத்துவிட்டாள்.

பிளாக்கின் பின்னால், வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவே, பத்தடி அகலத்தில் ஒரு கீற்று நிலம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், எல்லாரும் பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுகிறார்கள், மிளகாயும் செராய் எனும் எலுமிச்சைப் புல்லும் பண்டான் இலையும் போட்டிருக்கிறார். பழைய டயரில் கங்கோங் கீரை. நான் இரண்டாம் நாள் மின்சாரக் கொட்டகைப் புல்லைத்தான் கண்டேன், இதைக் காணவில்லை. அக்கா அவரிடம் போய் நின்றாள். "டாவுன் காரி?" என்று கேட்டார், கன்றைத் தூக்கிப் பார்த்தார், ஒரு இலையைக் கசக்கி மோந்தார். மூலையைக் காட்டினார். பாதி இலை அவருக்கு என்று ஒப்பந்தம்.

மண்வெட்டி அவருடையது. குழி நான் வெட்டினேன். ஒரு சாண் மண், அதன் கீழே கட்டடக் கழிவு: செங்கல் துண்டு, கம்பி, ஒரு சிகரெட் பெட்டி. செங்கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு இன்னும் ஒரு சாண் தோண்டியதும் சிவப்பு மண் வந்தது, ஈரமாக. அக்கா டின்னைத் தட்டிக் கன்றை இறக்கினாள். வேரைச் சுற்றி எங்கள் வீட்டுக் கறுப்பு மண் ஒரு கை இருந்தது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அக்கா கணக்குப் போட்டாள். "ரசம் தாளிக்க எண்ணெய் காஞ்சப்புறம் கருவேப்பிலை இல்லன்னு தெரிஞ்சா, பதினொரு மாடி எறங்கி ஏறி வர்றதுக்குள்ள வீடே பத்திக்கும்."

"காலையிலேயே பறிச்சு வச்சுக்கோ."

"ம். நீ ஊருக்குப் போய்ச் சேந்ததும் போன் போடு. அந்தப் பாக்சிக் எலையெல்லாம் மொட்டையடிச்சிட்டாருன்னா இன்னொரு கன்னு கொண்டு வரணும்."

லிஃப்ட் வரவில்லை. மூன்று மணி ரயில். பையை எடுக்கப் படியேறினேன்.